கேம்பர்வேனில் பெக்ஸ் குழாய் போட்ட பிறகும் கசிகிறதா? அறிகுறியைப் பார்த்துப் பிழை தேடலாம்

தங்கிப் பயணிக்கும் வேனில் பழைய ஹோஸ்களைக் கழற்றிவிட்டு பெக்ஸ் குழாய் (PEX, விறைப்பான ஒருவகை பாலிஎத்திலீன் தண்ணீர்க் குழாய்) போட்டாயிற்று. ஆனாலும் நள்ளிரவில் பம்பு உறுமுகிறது, அல்லது அலமாரிக்கு அடியில் ஈரம் தெரிகிறது. உடனே வருகிற அறிவுரை, "குழாய் சரியில்லை, வேறு வாங்கிப் போடுங்கள்" என்பதுதான். குழாயில் கத்தி வைப்பதற்கு முன் கொஞ்சம் பொறுங்கள். பத்தில் ஒன்பது இடங்களில் குழாய்மேல் குற்றமில்லை என்பதே என் உறுதியான எண்ணம்.

காரணம் எளிது. வட அமெரிக்கத் தரத்தில் செய்த பெக்ஸ் குழாய் 23 டிகிரி செல்சியஸில் 160 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற கணக்கு) அழுத்தத்தையும் 82 டிகிரியில் 100 பிஎஸ்ஐ அழுத்தத்தையும் தாங்கும். குழாயின் மேலேயே இதை அச்சிட்டிருப்பார்கள். வேனில் உள்ள 12 வோல்ட் பம்புகளில் பெரியவை 40 முதல் 55 பிஎஸ்ஐ வந்ததும் தானாக நின்றுவிடும். சிறியவை 20, 30-லேயே நின்றுவிடும். பாதி பலத்தைக்கூடக் கேட்காத வேலைக்கு நடுக்குழாய் வெடிப்பது மிக அரிது. எலி கடித்திருக்க வேண்டும், கூரான தகட்டில் உரசியிருக்க வேண்டும், இல்லையென்றால் நீண்ட நாள் வெயிலில் கிடந்திருக்க வேண்டும்.

பிழை இருப்பது முனைகளில். அதிலும் ஒரு வகைச் சாமான் இன்னொரு வகையைச் சந்திக்கும் இடத்தில். சிங்கப்பூரில் இது கூடுதலாக நடப்பதற்குக் காரணம் இருக்கிறது. வேன் ஜப்பானியத் தயாரிப்பு, பம்பு அமெரிக்கத் தயாரிப்பு, சிங்க்கும் ஹீட்டரும் ஆஸ்திரேலிய அல்லது பிரிட்டிஷ் கேரவன் சாமான், பித்தளை இணைப்பு ஜாலான் புசார் ஹார்டுவேர் கடையில் வாங்கியது, குழாய்ச் சுருள் இணையத்தில் வரவழைத்தது. ஒவ்வொன்றும் நல்ல பொருள்தான். ஆனால் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும் என்று நினைத்து யாரும் அவற்றைச் செய்யவில்லை.

தேட ஆரம்பிப்பதற்கு முன் மூன்று பொருள்கள் வேண்டும். பம்பிலிருந்து தண்ணீர் வெளியேறும் வாயில் ஒரு டி-இணைப்பு வைத்து, அதில் ஓர் அழுத்தமானியும் அதற்கு அடுத்து ஒரு மூடும் வால்வும் பொருத்துங்கள். இந்த இரண்டும் இல்லாமல் தேடுவது வீண் அலைச்சல். மூன்றாவது, பையில் எப்போதும் இருக்கும் டிஷ்யூ பாக்கெட். ஒவ்வோர் இணைப்பைச் சுற்றியும் ஒரு துண்டு டிஷ்யூவைக் கட்டிவிட்டால் விரலுக்குத் தெரியாத ஈரமும் அதில் தெரிந்துவிடும்.

சிங்க்கிலோ ஷவரிலோ பைப் எதுவும் திறந்திருக்கவில்லை, ஆனால் பம்பு அவ்வப்போது ஓடி நிற்கிறது

பம்பை ஓடவிட்டு அது தானாக நின்றதும், அழுத்தமானிக்கு அடுத்துள்ள வால்வை மூடுங்கள். இப்போது பம்புக்கும் வால்வுக்கும் இடையில் ஒரு சாண் நீளம் மட்டுமே இருக்கிறது. பத்து நிமிடம் காத்திருங்கள்.

முள் இறங்கினால் பிழை அந்த ஒரு சாணுக்குள்தான். அங்கே உள்ள இணைப்புகளில் டிஷ்யூ உலர்ந்திருந்தால், தண்ணீர் பம்பின் உள்ளேயுள்ள ஒருவழி வால்வு வழியாக டேங்குக்கே திரும்பிப் போகிறது என்று பொருள். பெரும்பாலும் வெட்டிய குழாயின் பிளாஸ்டிக் சீவல் அந்த வால்வின் இருக்கையில் மாட்டியிருக்கும். புதிதாகக் குழாய் போட்ட வேனில் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். பம்பின் தலைப்பகுதியைக் கழற்றிக் கழுவினால் பல நேரம் சரியாகிவிடும்.

முள் இறங்கவில்லை, ஆனால் வால்வைத் திறந்து வைத்தால் பம்பு மறுபடி ஓடுகிறது என்றால், கசிவு வால்வுக்கு அப்பால் எங்கோ இருக்கிறது. அங்கிருந்து பாதி பாதியாகப் பிரித்துக்கொண்டு போங்கள். ஹீட்டருக்குப் போகும் குளிர்நீர் வால்வை மூடிப் பாருங்கள். நின்றுவிட்டால் சுடுநீர்ப் பக்கம், நிற்காவிட்டால் குளிர்நீர்ப் பக்கம். இரண்டு முறை பாதியாக்கினால் தேட வேண்டிய இடம் கால்பங்காகிவிடும்.

இங்கே ஒரு முக்கியமான எச்சரிக்கை. புது பெக்ஸ் குழாயில் முதன்முறை அழுத்தம் ஏற்றும்போது குழாய் கொஞ்சம் விரிந்து கொடுக்கும். அதனால் முதல் சில நிமிடங்களில் முள் சற்று இறங்கும். அதைக் கசிவு என்று எண்ணி நல்ல இணைப்பை வெட்டிவிட வேண்டாம். மறுபடி பம்பை ஓடவிட்டு அழுத்தம் ஏற்றி, அதற்குப் பிறகு நேரத்தைக் கணக்கிடுங்கள். இரண்டாம், மூன்றாம் முறையில் முள் நிலைக்க வேண்டும்.

மலேசியாவிலோ ஆஸ்திரேலியாவிலோ முகாம் இடத்தின் தண்ணீர் இணைப்பை நேராக வேனில் மாட்டியிருக்கும்போது நன்னீர் டேங்க் தானாக நிரம்பி வழிகிறதா? அதுவும் இதே ஒருவழி வால்வின் கோளாறுதான். வெளியழுத்தம் பம்பைத் தாண்டிப் பின்னோக்கிப் போகிறது. அப்படி வெளி இணைப்பு எடுக்கும்போது அழுத்தக் குறைப்பானைக் கட்டாயம் மாட்டுங்கள். நம் பேட்டை வாகன நிறுத்தங்களில் நிறுத்துமிடத்துக்குத் தண்ணீர் இணைப்பு கிடையாது என்பதால் இங்கே ஒரு வருடம் ஓட்டினாலும் இந்தப் பிழை கண்ணில் படாமல் இருக்கலாம்.

தரை ஈரம், ஆனால் இணைப்புகள் உலர்ந்திருக்கின்றன

முதல் கேள்வி, முள் இறங்குகிறதா? இறங்கவில்லை என்றால் அது உங்கள் குழாயில் உள்ள தண்ணீரே அல்ல. இந்த ஒரு கேள்வியைக் கேட்காமல் தரைப்பலகையைப் பெயர்த்துவிடுகிறவர்கள் உண்டு.

நம் ஊர்க் காற்றில் உள்ள ஈரப்பதத்துக்கு, 24, 25 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த எந்தப் பரப்பும் வியர்க்கும். சாதாரணமாக டேங்கில் உள்ள தண்ணீர் அந்த அளவு குளிராது. ஆனால் இரண்டு சந்தர்ப்பங்களில் குளிரும். ஒன்று, ஏர்கான் குழலுக்குப் பக்கத்தில் தண்ணீர்க் குழாய் ஓடும்போது. இரண்டாவது, கேமரன் மலையில் டேங்கை நிரப்பிக்கொண்டு இறங்கும்போது. 1,400 மீட்டருக்கு மேல் உள்ள தானா ராத்தாவின் இரவுக் குளிரில் குளிர்ந்த தண்ணீர், சில மணி நேரத்தில் தாப்பா சமவெளியின் வெக்கைக்கு வந்து சேர்கிறது. டேங்கும் குழாயும் முழுக்க முத்து முத்தாக வேர்த்துவிடும். பார்க்கிறவருக்கு எல்லா இணைப்பும் ஒரே நேரத்தில் விட்டுப்போனதுபோல் தோன்றும்.

சோதிப்பது எளிது. இணைப்பே இல்லாத நடுக்குழாயில் ஒரு டிஷ்யூவைச் சுற்றுங்கள். அதுவும் நனைந்தால் அது வியர்வை. கறுப்பு நுரை உறையை வாங்கிக் குளிர்நீர்க் குழாயில் மாட்டிவிடுங்கள், போதும்.

நடுக்குழாயும் உலர்ந்தே இருக்கிறதா? பம்பை ஓர் இரவு முழுக்க அணைத்து, அழுத்தத்தையும் இறக்கிவிடுங்கள். காலையிலும் ஈரம் இருந்தால் கூரை விசிறியின் ஓரம், சன்னல் ரப்பர், ஏர்கான் வடிகுழாய் ஆகியவற்றைப் பாருங்கள். பம்புக்கு அப்பாலுள்ள அழுத்தக் குழாய்களை விட்டுவிடலாம்.

கசிவைத் தேடும் நாள்களில் வேனுக்கு அடியில் வாளியோ தட்டோ வைத்துவிட்டு மறந்துவிடாதீர்கள். ஏடிஸ் கொசு முட்டையிட 20 காசு நாணயத்தின் அளவு தண்ணீர் போதும், முட்டையிலிருந்து கொசுவாக ஒரு வாரம் போதும். சுத்தமான சொட்டுநீர் அதற்கு மிகவும் பிடித்த இடம். தினமும் கொட்டித் துடைத்துவிடுங்கள்.

திருகு இணைப்பில் சொட்டு நிற்கவே மாட்டேன் என்கிறது

நம் ஊரில் ஆளைக் குழப்புவதில் இதற்கு இணை கிடையாது. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

சிங்கப்பூர், மலேசியா, ஆஸ்திரேலியாவில் தண்ணீர்ச் சாமான்களில் இருப்பது பிரிட்டிஷ் புரி (புரி என்பது திருகில் சுற்றிச் செல்லும் பல்வரி). அமெரிக்கப் பம்பிலும் ஹீட்டரிலும் இருப்பது அமெரிக்கப் புரி. அரை அங்குல அளவில் இரண்டுக்குமே ஓர் அங்குலத்துக்கு 14 புரிகள்தான். வெளிவிட்டத்தில் அரை மில்லிமீட்டர் வித்தியாசம்கூட இல்லை. ஆனால் பிரிட்டிஷ் புரியின் பல் கோணம் 55 டிகிரி, அமெரிக்கப் புரியின் கோணம் 60 டிகிரி. பல்லின் முனை வடிவமும் வேறு. அதனால் ஒன்று மற்றொன்றுக்குள் நன்றாகவே ஏறும், இரண்டு மூன்று சுற்று சுகமாகப் போகும், பிறகு இறுகும். இறுகியதும் சரியாகப் பொருந்திவிட்டது என்று நம்பத் தோன்றும். உண்மையில் பல்லும் பல்லும் ஓரிரு கோடுகளில் மட்டும் தொட்டுக்கொண்டிருக்கும். டெஃப்லான் டேப்பை இரட்டிப்பாகச் சுற்றினால் சில நாள் நிற்கும். வேன் சாலையில் அதிர ஆரம்பித்ததும் மறுபடி சொட்டும்.

முக்கால் அங்குலத்திலும் இதே கதைதான், இரண்டுக்கும் 14. மற்ற அளவுகள் நம்மை எச்சரித்துவிடும். எட்டில் மூன்று அங்குலத்தில் பிரிட்டிஷ் 19, அமெரிக்கன் 18. ஓர் அங்குலத்தில் 11-உம் பதினொன்றரையும். இவை ஏறாமல் முரண்டு பிடிக்கும், நாமும் நிறுத்திவிடுவோம். அரை அங்குலமும் முக்கால் அங்குலமும்தான் ஏமாற்றும். போதாக்குறைக்கு, அமெரிக்கத் தோட்ட ஹோஸுக்கு முக்கால் அங்குலத்தில் பதினொன்றரைப் புரியுள்ள தனிவகை ஒன்று உண்டு. அமெரிக்கச் சாமான் போட்ட வேனில் வெளித்தண்ணீர் எடுக்கும் வாயில் பெரும்பாலும் அதுதான் இருக்கும்.

தீர்வு டேப் அல்ல. ஒரு பக்கம் பிரிட்டிஷ் புரியும் மறுபக்கம் அமெரிக்கப் புரியும் உள்ள பித்தளை அடாப்டர் வாங்குங்கள். கடைக்குப் போகும்போது பழைய சாமானைக் கையில் எடுத்துப் போங்கள். "அரை இஞ்சு" என்று மட்டும் சொன்னால் கடைக்காரர் பிரிட்டிஷ் புரியைத்தான் தருவார், அது அவர் தவறு அல்ல. வேனில் இரண்டு வகையும் இருந்தால், அமெரிக்கப் புரி உள்ள ஒவ்வோர் இடத்திலும் சிவப்பு மார்க்கரால் ஒரு கோடு போட்டுவைப்பது நல்லது. இரண்டு வருடம் கழித்துப் பழுதுபார்க்கிறவர் உங்களுக்கு நன்றி சொல்வார்.

புரி சரியாக இருந்தும் சொட்டினால், உள்ளே ரப்பர் வாஷர் உள்ள சுழலும் நட்டா என்று பாருங்கள். அங்கே தண்ணீரைத் தடுப்பது வாஷர், புரி அல்ல. டெஃப்லான் டேப் சுற்றினால் நட்டு முழுதும் அமராமல் வாஷர் நசுங்காது. டேப்பை எடுத்துவிட்டுக் கையால் இறுக்கி, அதன்பின் கால் சுற்று மட்டும் கொடுங்கள். பிளாஸ்டிக் நட்டை ஸ்பேனரால் முழுபலத்தோடு இறுக்கினால் முடியளவு விரிசல் நீளவாக்கில் விழும். அது அழுத்தம் ஏறும்போது மட்டும் திறந்து மூடும். டார்ச் வெளிச்சத்தைச் சாய்வாக அடித்தால்தான் கண்ணுக்குத் தெரியும்.

புதிதாகப் போட்ட வளைய இணைப்பில் கசிவு

செம்பு வளையத்தை நசுக்கிப் பிடிக்கும் கிரிம்ப் முறையில் வளையம் குழாயின் முனையிலிருந்து 3 முதல் 6 மில்லிமீட்டர் தள்ளி இருக்க வேண்டும். முனையை ஒட்டிவிட்டாலோ, உள்ளே தள்ளிப்போய்விட்டாலோ, குழாய்க்குள் செருகிய பித்தளை இணைப்பின் மேடுகள் மேல் அழுத்தம் விழாது. கருவியோடு வரும் அளவுத்தகட்டை ஒவ்வொரு வளையத்திலும் போட்டுப் பாருங்கள். ஒரு வாய் நுழைய வேண்டும், மற்றொன்று நுழையக்கூடாது. இரண்டும் நுழையாவிட்டால் வளையம் சரியாக நசுங்கவில்லை, கருவியின் அளவைத் திருத்த வேண்டும். கசிகிற வளையத்தின் மேல் மறுபடி ஒரு முறை நசுக்குவது பயன்படாது. வெட்டியெடுத்துவிட்டுப் புது வளையம் போடுங்கள்.

குழாயை இரம்பத்தால் அறுத்திருந்தால் முனை சாய்ந்து, பிசிறு விட்டிருக்கும். பிளாஸ்டிக் குழாய் வெட்டும் கத்தரிக்கோல் விலை அதிகமில்லை, அதையே பயன்படுத்துங்கள். ஒவ்வோர் இணைப்புக்குப் பக்கத்திலும் கொஞ்சம் குழாய் மிச்சம் விட்டிருந்தால் இந்த மறுவேலை இரண்டு நிமிடம். கயிறுபோல் இழுத்துக் கட்டியிருந்தால் அரை நாள்.

வேன் அலமாரிக்குள் நீண்ட கைப்பிடியுள்ள கிரிம்ப் கருவி திரும்பாது. அப்படிப்பட்ட இடத்தில் ஒரு காதை மட்டும் கடித்து இறுக்கும் துருப்பிடிக்காத எஃகு வளையம் நல்ல தேர்வு. அதன் கருவி ஒரு கைக்கு அடங்கும். அதைவிட நல்லது, இணைப்புகளை வெளியே மேசையில் வைத்துச் செய்துவிட்டு, கோத்த குழாயை உள்ளே கொண்டுபோய்ப் பொருத்துவது.

அடுத்து, அளவுக் கலப்பு. குழாயின் மேல் அச்சிட்டிருக்கும் வரியைப் படியுங்கள். அமெரிக்க அரை அங்குல பெக்ஸின் வெளிவிட்டம் 15.9 மில்லிமீட்டர். ஐரோப்பியக் குழாய் 16. பிரிட்டிஷ் குழாய் 15. பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய கேரவன்களில் பரவலாக உள்ள ஜான் கெஸ்ட் என்ற நிறுவனத்தின் வகை இணைப்பு 12. இதில் 15 மில்லிமீட்டர் குழாயை அமெரிக்க அரை அங்குலப் புஷ்-ஃபிட் இணைப்பில் (குழாயைத் தள்ளிச் செருகினாலே பிடித்துக்கொள்ளும் வகை) செருகினால் உள்ளே போகும், பிடித்ததுபோலவும் இருக்கும். நம்பாதீர்கள். அந்த இடைவெளியை உள்ளேயுள்ள ரப்பர் வளையமான ஓ-ரிங் அடைக்க முடியாது. நடுவில் அலுமினியப் படலம் உள்ள 16 மில்லிமீட்டர் பல்லடுக்குக் குழாயும் கடைகளில் கிடைக்கும். அதற்கு அதன் சொந்த இணைப்புகள்தான் சரி, பெக்ஸ் வளையம் சரிவராது.

ஹோஸுக்குப் போடும் திருகுக் கிளாம்பை பெக்ஸ் மேல் போட்டிருக்கிறீர்களா? பெக்ஸ் விறைப்பானது. கிளாம்ப் ஒரு பக்கம் அழுத்தி மறுபக்கம் தூக்கும். குளிர்நீரில் நின்று, சுடுநீர் வந்ததும் வழுக்கிக்கொண்டு வரும். பிவிசி பசையும் வேண்டாம், பாலிஎத்திலீனில் அது ஒட்டவே ஒட்டாது.

புஷ்-ஃபிட் இணைப்பில் கசிவு என்றால் பெரும்பாலும் குழாய் முழு ஆழத்துக்குப் போகவில்லை. செருகும் முன்பே ஆழத்தை அளந்து குழாயில் மார்க்கரால் கோடு போட வேண்டும், கோடு மறையும் வரை தள்ள வேண்டும். தயாரிப்பாளர் உள்குழல் கொடுத்திருந்தால் அதையும் போடுங்கள். முனையில் நீளவாக்கில் கீறல் இருந்தால் ஓ-ரிங் தோற்றுவிடும். ஓர் அங்குலம் வெட்டிவிட்டுப் புதுமுனையில் செருகுங்கள்.

வெயிலில் நிறுத்திய பிறகு மட்டும் கசிகிறது

காலையில் ஒன்றுமில்லை. பிற்பகல் திரும்பி வந்தால் ஓர் இணைப்பு விட்டிருக்கிறது. வெப்பத்தில் பெக்ஸ் இளகிவிட்டது என்று சொல்வார்கள். திறந்தவெளியில் நிறுத்திய வேனின் உள்ளே 50 டிகிரி எளிதாகத் தாண்டும் என்பது உண்மை, ஆனால் மேலே சொன்னபடி 82 டிகிரியில் 100 பிஎஸ்ஐ தாங்கும் பொருளுக்கு அது பெரிய வெப்பமல்ல.

நடப்பது வேறு. பம்பின் ஒருவழி வால்வு ஒரு முனையை அடைத்திருக்கிறது, மூடிய பைப்புகள் மறுமுனையை அடைத்திருக்கின்றன. நடுவில் அகப்பட்ட தண்ணீர் 28-லிருந்து 50 டிகிரிக்குச் சூடாகும்போது ஏறத்தாழ 0.8 விழுக்காடு விரிகிறது. சின்ன எண்தான். ஆனால் ஆறு லிட்டர் ஹீட்டருக்கு அது 50 மில்லிலிட்டர். தண்ணீரை அமுக்க முடியாது, போக இடமும் இல்லை. அழுத்தம் பம்பின் எல்லையைத் தாண்டி எங்கோ ஏறி, வலுக்குறைந்த இணைப்பைத் தேடிப் பிரிக்கிறது.

நிறுத்திவிட்டுப் போகும்போது பம்பை அணைத்து, ஒரு சுடுநீர்ப் பைப்பையும் ஒரு குளிர்நீர்ப் பைப்பையும் திறந்து அழுத்தத்தை இறக்கிவிடுங்கள். செலவில்லாத தீர்வு இது. நிரந்தரமாகச் செய்ய வேண்டுமென்றால் காற்றறை உள்ள சிறிய அழுத்தக்கலம் ஒன்றைப் பொருத்துங்கள். பம்பு ஓடி ஓடி நிற்பதும் அதனால் குறையும். பிரிந்த இணைப்பை மட்டும் சரிசெய்துவிட்டுக் காரணத்தை விட்டுவிட்டால், அடுத்த வெயிலில் அடுத்த இணைப்பு பிரியும்.

சன்னலோரம் வெயில்படும் குழாய்க்கு மட்டும் தனிக் கவனம் வேண்டும். புறஊதாக் கதிர் பெக்ஸை உண்மையாகவே கெடுக்கும். தயாரிப்பாளரைப் பொறுத்து ஒரு மாதம் முதல் ஆறு மாதம் வரைதான் வெயிலில் கிடக்கலாம் என்கிறார்கள். உறை போடுங்கள், அல்லது பாதையை மாற்றுங்கள்.

தண்ணீர் துப்பித் துப்பி வருகிறது

இது கசிவின் மறுபக்கம். டேங்குக்கும் பம்புக்கும் இடையில் உள்ள பகுதியில் ஓட்டை இருந்தால் பம்பு ஓடும்போது தண்ணீர் வெளியே சொட்டாது, காற்று உள்ளே போகும். ஆகவே தரை உலர்ந்தே இருக்கலாம். பம்புக்கு முன்னால் உள்ள வடிகட்டியின் மூடியைத் திறந்து ஓ-ரிங்கைப் பாருங்கள், பெரும்பாலும் அது முறுக்கிக்கொண்டிருக்கும். அது சரியென்றால் டேங்க் வாயில் உள்ள இணைப்பு. டேங்கின் காற்றுத்துளை அடைபட்டாலும், உறிஞ்சும் ஹோஸ் மெல்லியதாக இருந்து சப்பிப்போனாலும் இதே அறிகுறி. உறிஞ்சும் பக்கத்துக்குக் கம்பிச்சுருள் உள்ள ஹோஸ் போடுங்கள்.

வேகம் குறைந்துவிட்டது

முதலில் பைப் நுனியிலுள்ள சல்லடை. குழாய் வெட்டிய சீவல்கள் எல்லாம் அங்கேதான் போய்ச் சேரும். இரண்டாவது பம்பின் வடிகட்டி. இரண்டும் சுத்தமாக இருந்தால் மடிப்பைத் தேடுங்கள். அரை அங்குல பெக்ஸை ஏறத்தாழ 13 சென்டிமீட்டர் ஆரத்துக்குக் குறைவாக வளைத்தால் மடிந்துவிடும். தயாரிப்பு முறையைப் பொறுத்து பெக்ஸில் ஏ, பி என வகைகள் உண்டு. ஏ வகை பெக்ஸ் என்றால் ஹீட் கன் காட்டினால் பழைய வடிவத்துக்கு வரும், தீச்சுவாலை காட்டக்கூடாது. பி வகையில் மடிந்த துண்டை வெட்டியெடுப்பதுதான் முறை. முழங்கை இணைப்புகளை அதிகம் போட்டிருந்தாலும் வேகம் போகும், ஏனெனில் உள்ளே நுழையும் பித்தளையின் துவாரம் குழாயைவிடச் சிறியது. வளைக்க இடமிருக்கும் இடத்தில் வளையுங்கள்.

சுடுநீர் வெதுவெதுப்பாகவே வருகிறது

ஹீட்டரைச் சந்தேகப்படுவதற்கு முன் வேனின் பின்புறம் உள்ள வெளி ஷவரைப் பாருங்கள். அதன் இரண்டு திருகுகளையும் திறந்து வைத்துவிட்டு, ஷவர்த் தலையில் உள்ள பொத்தானை மட்டும் மூடியிருந்தால், குளிர்நீர் அங்கே சுடுநீர்க் குழாய்க்குள் புகுந்துவிடும். ஹீட்டரைத் தவிர்த்துப் போகும் பைபாஸ் வால்வு பாதி திறந்திருந்தாலும் இப்படித்தான். புதிதாகக் குழாய் போட்டிருந்தால் சிவப்பும் நீலமும் இடம் மாறியிருக்கிறதா என்றும் பாருங்கள். நிறம் அடையாளத்துக்கு மட்டுமே, குழாயின் தரம் ஒன்றுதான்.

பம்பு ஓடும்போது வேனே அதிர்கிறது

விறைப்பான பெக்ஸை நேராகப் பம்பில் மாட்டியிருப்பீர்கள். பம்பின் இருபுறமும் 30, 40 சென்டிமீட்டர் வளையும் ஹோஸ் போட்டு, அதற்குப் பிறகு பெக்ஸைத் தொடங்குங்கள். சத்தம் போவதோடு பம்பின் பிளாஸ்டிக் வாயும் நீண்டநாள் உழைக்கும். தகட்டைத் துளைத்துப்போகும் இடங்களில் ரப்பர் வளையம் வையுங்கள். பிடிப்பான்கள் குழாயை நெரிக்காமல், அது முன்பின் நகர இடம் கொடுக்க வேண்டும்.

வாடை, ருசி

புதுக்குழாயின் பிளாஸ்டிக் வாடை சில முறை நிரப்பி வடித்தால் போய்விடும். சுடுநீரில் மட்டும் அழுகிய முட்டை வாடை என்றால் ஹீட்டருக்குள் இருக்கும் மக்னீசியத் தண்டும் பாக்டீரியாவும் சேர்ந்து செய்கிற வேலை, குழாய்க்குச் சம்பந்தமில்லை. பச்சைப் படலம் என்றால் வெளிச்சம் படும் ஒளிபுகும் ஹோஸ் இன்னும் எங்கோ மிச்சமிருக்கிறது.

கிருமி நீக்க, மணமில்லாத 5 விழுக்காட்டு பிளீச்சை ஒரு லிட்டர் தண்ணீருக்கு 1 மில்லிலிட்டர் கணக்கில் டேங்கில் கலந்து, எல்லா பைப்பிலும் வாடை வரும்வரை ஓடவிட்டு, நான்கு மணி நேரமாவது விடுங்கள். பிறகு வாடை போகும்வரை அலசுங்கள். அந்தத் தண்ணீரைப் புளோக்குக்குக் கீழே உள்ள மழைநீர் வடிகாலில் கொட்டாதீர்கள். சிங்கப்பூரில் வடிகாலும் கழிவுநீர்க் குழாயும் தனித்தனி. வடிகால் நீர் பெரும்பாலும் நீர்த்தேக்கத்துக்குப் போகிறது, அதைத்தான் நாம் குடிக்கிறோம். கழிப்பறையிலோ சிங்க்கிலோ ஊற்றுங்கள்.

எப்போது முழுவதையும் மாற்ற வேண்டும்

சில நேரம் மாற்றத்தான் வேண்டும். சுடுநீர்ப் பக்கம் இன்னும் மெல்லிய வினைல் ஹோஸ் இருந்தால், எலி பல இடங்களில் கடித்திருந்தால், வெயில் பட்ட குழாய் விரலில் மாவுபோல் ஒட்டினால் தயங்காதீர்கள். பழைய அமெரிக்கக் கேரவன் ஒன்றை ஜொகூரில் வாங்கி வைத்திருப்பவர்கள் சாம்பல்நிறக் குழாய் இருக்கிறதா என்று பாருங்கள். அமெரிக்காவில் 1978 முதல் 1995 வரை போட்ட பாலிபியூட்டிலீன் அதுவாக இருக்கலாம். குளோரின் கலந்த தண்ணீரில் அந்தக் குழாயும் அதன் அசிட்டால் பிளாஸ்டிக் இணைப்புகளும் உடைந்து பெரிய வழக்குகள் நடந்தன. அங்கேயும் இணைப்பின் பங்கு பெரிது. பிரிட்டனில் வேறு வகை இணைப்புகளோடு பாலிபியூட்டிலீன் குழாய் இன்றும் விற்பனையில் இருக்கிறது.

மாற்றும்போது ஹீட்டரின் வாயில் பித்தளை இணைப்பையே போடுங்கள். ஒரே தயாரிப்பாளரின் குழாய், வளையம், இணைப்பு மூன்றையும் சேர்த்து வாங்குங்கள். மறைவான இடத்தில், தரைப்பலகைக்கு அடியில், ஓர் இணைப்புகூட வேண்டாம். பெக்ஸ் சுருளாக வருவதன் முழுப்பயனும் அதில்தான் இருக்கிறது.

வேலை முடிந்ததும் அலமாரிப் பலகைகளைத் திருகி மூடிவிடாதீர்கள். டிஷ்யூத் துண்டுகளையும் கழற்ற வேண்டாம். டேங்கை நிரப்பி, பம்பை ஓடவிட்டு, உட்லண்ட்ஸ் தாண்டி ஜொகூர் நெடுஞ்சாலையின் மச்சாப் ஓய்விடம் வரை ஒரு முறை ஓட்டிப் போங்கள். நெடுஞ்சாலை அதிர்வில்தான் சுமாரான இணைப்பு தன்னைக் காட்டிக்கொடுக்கும். அங்கே நிறுத்தி ஒவ்வொரு டிஷ்யூவையும் தொட்டுப் பாருங்கள். நனைந்திருப்பது திருகு இணைப்பு என்றால் கால் சுற்று கொடுங்கள். வளைய இணைப்பு என்றால் அங்கே வைத்து எதையும் நசுக்க வேண்டாம், பம்பை அணைத்துவிட்டு, வீட்டுக்கு வந்து வெட்டிப் புதிதாகப் போடுங்கள்.